புகைக்கு முன்னால்

எனக்கு இழுப்பு. அதை முதலே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் இதில் வருகிற வாகனங்கள் எல்லாம் கடைசியில் என் நெஞ்சுக்கு மேலால்தான் ஓடின. சின்ன வயதிலிருந்தே உண்டு. பனிக்குக் கொஞ்சம், தூசிக்குக் கொஞ்சம், மிளகாய் வறுத்தால் கொஞ்சம் என்று ஒரு அளவோடு வந்து போய்க்கொண்டிருந்தது. டீசல் புகைக்கு மட்டும் அளவே கிடையாது. ஒரு மிடறு போதும், யாரோ நெஞ்சில் ஏறிக் குந்திவிட்டது போல இருக்கும். உள்ளே போன மூச்சு வெளியே வர மாட்டேன் என்று அடம்பிடிக்கும்.

நான் படிப்பிக்கிற பள்ளிக்கூடம் பெருநிலப் பக்கம், வயல்காரச் சனங்களின் ஊரில் இருக்கிறது. எங்கள் வீடு தோட்டவெளியில். இரண்டுக்கும் நடுவில் கடல், கடலுக்கு மேலால் மன்னார்ப் பாலம். பாலம் என்று பேர்தான். முக்கால்வாசி கடலுக்குள் கல்லும் மண்ணும் போட்டு உயர்த்திய தாம்போதி. ஓட்டுகிறவனுக்கு ஆசை வருகிற மாதிரி நேராகக் கிடக்கும். இரண்டு பக்கமும் தண்ணீர், பின்னால் வருகிறவனுக்கு விட்டுக்கொடுத்து ஒதுங்கி நிற்க ஒரு முழ இடம் இல்லை.

காலையில் அந்தத் தெருவுக்கு எசமான்கள் மீன் கூலர்கள். கூலர் என்றால் பின்னால் குளிர்ப்பெட்டி கட்டிய டீசல் லொறி. தலைமன்னாரிலும் பேசாலையிலும் மீனும் நண்டும் ஏற்றிக்கொண்டு தெற்கே உள்ள சந்தைகளுக்குப் பறப்பார்கள். முதலில் போய் இறங்குகிற மீனுக்குத்தான் அங்கே மரியாதை. அதனால் லொறி வைத்திருக்கிற பெடியள் அதன் பம்பைத் திறந்துவிடுவார்கள். எஞ்சினுக்கு டீசல் ஊட்டுகிற பம்ப் அது. கொம்பனி வைத்த அளவை மீறி அதைத் திறந்தால் எஞ்சினுக்குப் பேய் பிடித்த மாதிரி இழுவை வரும், எரியாத டீசல் எல்லாம் கரியாக வெளியே கொட்டும். மிதியில் காலை வைத்து ஒரு அமத்து அமத்தினால் பின்னால் வருகிறவனுக்குத் தெருவே தெரியாது. அதற்குக் கரி ஊத்துறது என்று பெயர். அவசரத்துக்கு ஊத்துகிறவனும் உண்டு, சைக்கிளில் வருகிறவனைக் கண்டால் பகிடிக்கு ஊத்துகிற அறுவான்களும் உண்டு.

முந்தி நான் பஸ்ஸில்தான் போய்வந்தேன். இருக்க இடம் கிடைக்காமல் மிதிபலகைக்குக் கிட்ட நின்றபடி போன ஒரு காலையில், முன்னால் போன கூலர் ஒன்று தாம்போதி முழுக்கக் கரி ஊத்திக்கொண்டு போனது. பெருநிலக் கரையில் என்னைத் தூக்கி இறக்கினார்கள். ஆஸ்பத்திரிக் கிளினிக்கில் டொக்டர் வாயில் வைத்து இழுக்கிற மருந்துப் பம்பைக் கூட்டிக் கொடுத்தார். கொடுத்துவிட்டு, இந்தப் புகையை இப்படியே குடித்துக்கொண்டு திரிந்தால் ஒரு நாள் இழுத்த மூச்சு திரும்பி வராது என்றும் சொன்னார். சொன்னது எனக்கு, பயந்தது பக்கத்தில் நின்ற என் மனிசன், இவர். எனக்கு இடமாற்றம் கேட்டு எழுதினோம், கிடைக்கவில்லை. வேலையை விடச் சொன்னார். பல்லைக் கடித்துக்கொண்டு படித்து எடுத்த வேலை, லொறிக்காரனுக்குப் பயந்து விடவா என்று சண்டை பிடித்தேன். கோபம் வந்தால் எனக்கு மூக்கு நுனியில் நிற்கும், இவருக்குக் கை ஒரு வேலை தேடும். அடுத்த கிழமையே நீர்கொழும்புப் பக்கம் போய் ஒரு பழைய வானைப் பிடித்துக்கொண்டு வந்து முற்றத்தில் விட்டார். பெற்றோல் வான். வீட்டுக்குள் இனி டீசல் நுழையாது என்பது இவருடைய சட்டம்.

இவர் போட் எஞ்சின் திருத்துகிறவர். கரையில் ஒரு தகரக் கொட்டில், அதற்குள் ஆணியில் தொங்குகிற எஞ்சின்கள், கரைக்கு இழுத்த வள்ளங்களின் அணியத்தில் குந்தியிருந்து அவசரப்படுத்துகிற, வள்ளம் வைத்திருக்கிற சம்மாட்டிமார். ஒரு எஞ்சின் கடலில் போகிற சத்தத்தைக் கரையிலிருந்து கேட்டு, அதற்குப் பெற்றோல் கூடவா குறையவா என்று சொல்லிவிடுவார். வாகனம் திருத்திப் பழக்கமில்லை. எஞ்சின் எல்லாம் எஞ்சின்தானே என்றார். நானும் ஓம் என்றுதான் நினைத்தேன்.

அந்த வானுக்கு எஞ்சின் முன்னால் இல்லை. முன் ஆசனத்தை நிமிர்த்தினால் அதற்குக் கீழே கிடக்கும். அதாவது நான் எஞ்சினுக்கு மேல் அடைக்கோழி மாதிரி இருந்துதான் பள்ளிக்கூடம் போக வேண்டும். முதல் நாட்களில் அதில் ஒரு பெருமைகூட இருந்தது. இவர் ஓட்ட, நான் கண்ணாடியை இறுக்க ஏற்றிக்கொண்டு, மடியில் சாப்பாட்டுப் பையை வைத்துக்கொண்டு, கடலைப் பார்த்தபடி போனேன். ஆனால் தாம்போதியில் ஏறியதும் பின்னால் ஒரு கூலர் வரும், ஹோர்ன் அடித்து முந்தும், முந்திய கையோடு கரி ஊத்தும். கண்ணாடி எவ்வளவு இறுக்கினாலும் அந்தக் கிழட்டு வானுக்கு ஆயிரம் ஓட்டை. நான் கைப்பையைக் கிளறி மருந்துப் பம்பைத் தேடுவேன். அவங்களுக்கும் பம்ப், எனக்கும் பம்ப். அவங்கள் திறந்தால் நான் அமத்த வேண்டும்.

கொஞ்சம் முந்தி வெளிக்கிட்டால் என்ன என்று கேட்டேன். லொறிக்கு மணிக்கூடு இல்லை என்றார். வள்ளம் கரைக்கு வருகிற நேரத்துக்கு மீன் ஏறும், மீன் ஏறுகிற நேரத்துக்கு லொறி வரும், வள்ளம் வருவது காற்றைப் பொறுத்தது. சோளகம் பெயர்ந்தால் ஒரு நேரம், வாடைக்கு ஒரு நேரம். எப்போது வெளிக்கிட்டாலும் எவனாவது வருவான். பின்னால் விட்டுக்கொடுத்துப் போனால் புகை, முன்னால் போனால் புகை இல்லை. கடற்காரனுக்கு இதைவிடத் தெளிவான கணக்கு இல்லை. எப்போதும் காற்றுக்கு மேலால் நிற்க வேண்டும்.

"நீர் ஒண்டுக்கும் யோசியாதையும்," என்றார். "புகைக்கு முன்னால உம்மைக் கொண்டு போறது என்ர பொறுப்பு."

ஒரு மனிசன் இப்படிச் சொன்னால் யாருக்குத்தான் நெஞ்சு நிறையாது. எனக்கும் நிறைந்தது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்த கையோடு வானின் ஆசனத்தை நிமிர்த்திவிடுவார். மத்தியானச் சோறு ஆறிப் போகும். காபரேற்றரைக் கழற்றி, பெற்றோல் வருகிற பித்தளைத் துளைகளைக் கம்பியால் பெருப்பித்தார். போட் பந்தயத்துக்கு எஞ்சின் கொண்டுவருகிறவர்களுக்கு அதைத்தான் செய்து கொடுப்பாராம். பெற்றோல் கூடக் குடித்தால் கூடப் பாயும். காற்று வடிகட்டிப் பெட்டியைத் தூக்கி எறிந்தார். பிளக்கில் பொறி விழுகிற நேரத்தைக் கொஞ்சம் முன்னுக்குத் தள்ளினார். ஆசனத்துக்குக் கீழே எஞ்சினை மூடுகிற தட்டில் சுற்றிவர ஒரு றப்பர் இருந்தது. ஓயாமல் திறந்து மூடியதில் அது பிய்ந்து தொங்கியது. இடைஞ்சல் என்று முழுவதையும் உரித்து எடுத்தார். பிறகு தலைமன்னார்த் தெருவில் ஓட்டிப் பார்க்கப் போவோம். தெரு வெறுமையாக இருக்கும், இரண்டு பக்கமும் பனை ஓடும். இவர் தலையைச் சரித்து எஞ்சினைக் கேட்பார், நான் இவருடைய முகத்தைப் பார்ப்பேன். அந்த நாட்களில் எங்களுக்குள் நல்ல ஒற்றுமை.

முதல் முதலாக ஒரு கூலரைத் தாம்போதியில் முந்திய காலை இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. சின்ன லொறிதான், ஆனாலும் பம்ப் திறந்த லொறி. கரி ஊத்தத் தொடங்கிய உடனேயே இவர் வலப்பக்கம் எடுத்து மிதித்தார். வான் உறுமிக்கொண்டு பாய்ந்தது. லொறிக்காரன் வாயைப் பிளந்துகொண்டு எங்களைப் பார்த்தான். படிப்பிக்கிற மனிசி, பிள்ளைகளுக்குத் தெருவில் ஓடாதே என்று சொல்லிக் கொடுக்கிறவள், கண்ணாடியைத் தட்டிச் சிரித்தேன். சந்தோசம் என்றால் அப்படி ஒரு சந்தோசம். எத்தனை வருசம் இவங்களுடைய கரியைத் தின்றிருப்பேன். இறங்கும்போது தலை கொஞ்சம் இடித்தது. சிரித்த சிரிப்பில் என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொன்றாக முந்தினார். மிஞ்சியது ஒரேயொரு லொறி. தலைமன்னார்க் கூலர், பின் கதவில் அந்தோனியார் குழந்தை யேசுவை ஏந்திக்கொண்டு நிற்கிற படம் பெரிதாகக் கீறியிருக்கும். அதை ஓட்டுகிறவனுக்கு முப்பது வயது வராது, சிவந்த கண், எப்போதும் வாய்க்குள் ஏதோ மென்றுகொண்டிருப்பான். என்னதான் மிதித்தாலும் பாலத்தின் முடிவுக்குள் எங்களை வெட்டிப் போட்டுப் போய்விடுவான். கரிக்கு நடுவில் அந்தோனியார் மறைவதைப் பார்த்துக்கொண்டு நான் பம்பை வாயில் வைப்பேன். புனிதரிடம் கோபிக்கக் கூடாது, எனக்கு அவரிலும் கோபம் வந்தது.

நடந்தது என்னவென்றால், எங்கள் வான் எவ்வளவுக்கு வேகமாகியதோ அவ்வளவுக்கு எனக்கு நெஞ்சு வருத்தம் கூடியது. இதுதான் எங்கள் இருவருக்கும் விளங்காத சங்கதி. புகைக்கு முன்னால் போகிறோம், எத்தனையோ நாள் ஒரு லொறியும் முந்தவில்லை, ஆனாலும் பள்ளிக்கூடத்தில் இறங்கும்போது நெஞ்சு இறுகியிருக்கும். போதாததற்குத் தலையிடி. முதலாம் பாடம் முடியும் மட்டும் கரும்பலகை அலை அடிக்கும். கண் போதாது என்று கூடப் படிப்பிக்கிறவர்கள் சொன்னார்கள், கண்ணாடி போட்டேன். பிள்ளைகளின் முகம் துலக்கமாகத் தெரிந்தது, தலையிடி அப்படியே இருந்தது. சனி ஞாயிறு வீட்டில் நின்றால் ஒன்றும் இல்லை. அப்போ சோக்குத் தூளாக இருக்கும் என்று முடிவுகட்டி, மூக்கில் லேஞ்சியைக் கட்டிக்கொண்டு படிப்பித்தேன். கொள்ளைக்காரி என்று பெடியள் சிரித்தார்கள்.

இவருக்கு வேறு காரணம் தேவைப்படவில்லை. எனக்கு இழுத்தால் எங்கேயோ டீசல் புகை பட்டிருக்க வேண்டும், பட்டதென்றால் வான் இன்னும் போதிய வேகம் இல்லை. எனக்கு ஒரு முறை இழுத்தால் இவர் ஒரு முறை எஞ்சினைக் கூட்டுவார். கூட்டினால் எனக்கு மறுபடி இழுக்கும். இழுத்ததை ஒளிக்கப் பார்த்தேன், பம்பைச் சீலைத் தலைப்புக்குள் வைத்து அமத்தினேன். எஞ்சினில் ஒரு சின்னச் சத்தம் மாறினாலே கண்டுபிடிக்கிற காதுக்கு என் மூச்சை ஒளிக்கலாமா. கண்டுபிடித்துவிட்டு ஒன்றும் கேட்க மாட்டார். அடுத்த நாள் ஆசனம் நிமிர்ந்திருக்கும்.

கடைசியாகச் செய்ததுதான் பெரிய வேலை. வானுக்குப் பின்னால் நீட்டிக்கொண்டிருந்த புகைக் குழாயையும், சத்தத்தை அடக்குகிற பெட்டியையும் வெட்டி எறிந்தார். எஞ்சின் மூச்சுவிடத் திணறுகிறது, அதற்கு நீட்டுக் குழாய் எதற்கு என்றார். எஞ்சினுக்கு மூச்சுத் திணறுவது பற்றி எனக்கு முன்னால் அவர் கதைத்ததை நினைத்தால் இப்போதும் என்ன செய்வதென்று தெரியவில்லை. குழாய் எங்கள் காலுக்குக் கீழே, வானின் வயிற்றுக்கு நடுவில் முடிந்தது. அன்றைக்கு மன்னார் பஸ் நிலையத்தடியால் போனபோது, எவன் ஹோர்ன் அடித்தாலும் அசையாத கழுதைகள் எழும்பி நின்றன. நானும் சிரித்தேன். தோட்டவெளியில் கதவைப் பூட்டிக்கொண்டு கிடந்தாலும் பாலத்தில் எங்கள் வான் போவது கேட்குமாம் என்று கதை கட்டினார்கள்.

அது சோளகக் காலம். காற்று தெற்கிலிருந்து தாம்போதியைக் குறுக்கே அறுத்துக்கொண்டு வீசும், மண்ணும் உப்பும் கண்ணாடியில் வந்து அடிக்கும். என் பக்கக் கண்ணாடியை ஏற்றி, இடுக்குக்குத் துணி அடைத்து வைத்திருந்தேன். இவருடைய கண்ணாடி எப்போதும்போல முழுக்க இறங்கியிருந்தது. எஞ்சினைக் கேட்கவேண்டுமே. சோதனைக் காலம் கிட்டியிருந்ததால் மடியில் பிள்ளைகளின் கட்டுரைக் கொப்பிகள் இருந்தன. தாம்போதியில் ஏறி ஓடத் தொடங்கியதும் முன்னால் அந்தோனியார் தெரிந்தார்.

இவர் மிதித்தார். லொறிக்காரனும் கண்ணாடியில் எங்களைக் கண்டுவிட்டான், கரி கிளம்பியது. காற்று அந்தக் கரியைப் பக்கவாட்டில் கடலுக்குத் தள்ளிக்கொண்டு போனது. நாங்கள் வலப்பக்கம் எடுத்தோம். பின் சில்லுக்கு நேரே வந்தோம், பெட்டிக்கு நேரே வந்தோம், அவனுடைய கதவுக்கு நேரே வந்தோம். எதிரில் வாகனம் வரக்கூடாதே என்று மாதாவை மன்றாடினேன். அவனுடைய முகம் எனக்குப் பக்கத்தில் இருந்தது, ஏதோ கத்தினான். பிறகு அவன் பின்னால் போனான். முன்னால் வெறும் தெருவும் தண்ணீரும்தான்.

இவர் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தது நினைவிருக்கிறது. நான் திரும்பச் சிரிக்க நினைத்தேன். முகம் எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. கொப்பிகள் ஒவ்வொன்றாக மடியிலிருந்து வழுகிப் போயின, அவற்றைப் பிடிக்கக் கை வரவில்லை. மூச்சு முட்டியதாகக்கூட நினைவில்லை. நித்திரை வருவது போல நல்ல சுகமாக இருந்தது. அதை நினைத்தால்தான் எனக்கு இன்றைக்கும் பயம்.

மிச்சம் எல்லாம் பிறகு சொல்லிக் கேட்டது. இவர் வானைத் தாம்போதி நடுவிலேயே நிறுத்தியிருக்கிறார். என் கதவைத் திறந்து என்னைத் தெருவில் இழுத்துப் போட்டு, பேர் சொல்லிக் கத்தியிருக்கிறார். கலியாணம் கட்டிய நாளிலிருந்து என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடாத மனிசன். அந்தோனியார் லொறி வந்து பின்னால் நின்றது. சண்டைக்கு என்று கையை முறுக்கிக்கொண்டுதான் அவன் இறங்கினானாம். என்னைக் கண்டதும் முறுக்கு எல்லாம் போய்விட்டது. இவர் என்னைத் தூக்கித் திரும்பவும் வானுக்குள் வைக்கப் பார்த்தார், மன்னார் ஆஸ்பத்திரிக்கு என்ர வானை விட எது வேகமாப் போகும் என்று பிடிவாதம். உதவிக்கு வந்தவன் வானுக்குள் தலையை நீட்டினான், நீட்டிய வேகத்தில் வெளியே இழுத்துக்கொண்டான்.

"அண்ணை, இதுக்குள்ள திரும்ப ஏத்தாதேங்கோ," என்றானாம். "உங்கட வான்தான் அவவைக் கொல்லுது."

வானுக்குள் புகை பெற்றோல் மணத்தோடு அடைந்து கிடந்தது. என் ஆசனத்துக்குக் கீழே றப்பர் இல்லாத தட்டு. அதற்குக் கீழே எஞ்சின், பக்கத்தில் வெட்டிய குழாய். மிதிக்க மிதிக்க அது எரியாத பெற்றோலையும் சேர்த்துப் புகையாக ஊத்திக்கொண்டிருந்தது. திறந்திருந்த இவருடைய யன்னலால் இவருக்குக் கடற்காற்று வந்தது. எனக்கு வந்தது கீழே இருந்து. முப்பது வருசமாக எஞ்சினோடு கிடக்கிற மனிசன் இதை எப்படி யோசிக்காமல் விட்டார் என்று கேட்காதவர்கள் இல்லை. எனக்கு அது விளங்கும். போட் எஞ்சினுக்குப் புகைக் குழாய் மேலே இல்லை. அதன் புகை கீழே இறங்கி, வள்ளத்தைத் தள்ளுகிற காற்றாடிக்கு நடுவால் கடல் தண்ணீருக்குள் போய்விடும். புகை எங்கே போகிறது என்று இவர் பிறந்ததிலிருந்து யோசிக்க வேண்டி வரவில்லை. எங்கள் கரையில் ஒருவருக்கும் வந்ததில்லை.

அவன் என்னைத் தன் லொறியின் முன் ஆசனத்தில் ஏற்றிக்கொண்டான். அந்த நீட்டு லொறியைத் தாம்போதியில் முன்னும் பின்னும் எடுத்துத் திருப்பினான், இவர் தெருவில் நின்று இரண்டு பக்க வாகனங்களையும் மறித்தார். பிறகு மன்னார் போய்ச் சேரும் மட்டும் கரி ஊத்திக்கொண்டு பறந்தானாம். என் வாழ்க்கையில் நான் காற்றுக்கு மேலால் போன முதல் பயணம் அதுதான், எனக்குத் தெரியாமல் போய்விட்டது. அவனுடைய நண்டு அன்றைக்குச் சந்தைக்குப் பிந்தியது. அதைப் பற்றி அவன் இன்றுவரை வாய் திறக்கவில்லை.

கண் விழித்தபோது முகத்தில் ஒட்சிசன் மூடி இருந்தது. ஒரு இளம் டொக்டர்ப் பிள்ளை, தமிழ் தட்டுத்தடுமாறிப் பேசுகிறவள், வீட்டுக்குள் ஜெனரேற்றர் வைத்திருக்கிறீர்களா என்று இவரிடம் கேட்டுக்கொண்டிருந்தாள். பெற்றோல் புகையில் நிறமும் மணமும் இல்லாத ஒரு நஞ்சு இருக்கிறதாம், அது இரத்தத்தில் ஏறினால் தலையிடி வரும், கண் மங்கும், பிறகு நித்திரை வரும். பெற்றோல் மணம் கூட வந்தபடியால் நீங்கள் அதிர்ஷ்டசாலிகள், மணத்தை வைத்தே கண்டுபிடித்திருக்கலாமே என்றாள். இவர் தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றுக்கும் ஓம் ஓம் என்றார். அவள் அடுத்த கட்டிலுக்குப் போனாள்.

இவர் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு எனக்குப் பக்கத்தில் இருந்தார். என் கையைப் பிடித்தார். கண் சிவந்து, முகம் உப்பும் தூசியுமாக இருந்தது.

"உமக்கு அந்த மணம் மணக்கேல்லையா?" என்று கேட்டார்.

மூடியைக் கொஞ்சம் விலக்கினேன். "மணந்ததுதான்."

"ஒவ்வொரு நாளுமா?"

"ஓம்."

"மணந்தால் எனக்கு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? ஏன் சொல்லேல்லை?"

இதற்கு என்ன பொய் சொல்கிறது. மூளை இன்னும் தெளியவில்லை, பொய் தேட எனக்குச் சத்தும் இல்லை.

"அது உங்கட மணம் எண்டு நினைச்சனான்," என்றேன். "கலியாணம் கட்டின நாள் தொடக்கம் உங்களில வாற மணம்தானே. கிட்ட இருக்கிறீங்கள் எண்டு நினைச்சுக்கொண்டு இருந்தனான்."

நான் சொன்னது அன்பாகத்தான். என் வாயால் அதைவிட அன்பாக ஒரு வார்த்தை அவருக்கு வந்திருக்காது. ஆனால் இவருடைய முகம் போன போக்கைப் பார்த்தேன். பிடித்திருந்த என் கையைப் பார்த்தார், தன் கையைப் பார்த்தார். பிறகு மெல்ல என் கையைக் கட்டிலில் வைத்துவிட்டு எழும்பிப் போனார். வாட்டின் முடிவில் ஒரு தண்ணீர்க் குழாய் இருந்தது. அங்கே நின்று, முழங்கை வரைக்கும் சவர்க்காரம் போட்டுக் கழுவினார். கழுவிவிட்டு மணந்து பார்த்தார், திரும்பக் கழுவினார். தாதிப் பிள்ளை வந்து தண்ணீரை மூடச் சொல்லும் மட்டும் கழுவிக்கொண்டு நின்றார். திரும்பி வந்தவர் கதிரையில் இருக்கவில்லை, என் கால்மாட்டில் தள்ளி நின்றார். கிட்ட வாங்கோ என்று கூப்பிட்டேன். பரவாயில்லை, இஞ்ச நிக்கிறன் என்றார்.

வானுக்குப் புதுக் குழாய், புதுப் பெட்டி, புது றப்பர் எல்லாம் போட்டாயிற்று. காபரேற்றரின் துளையும் பழைய அளவுக்கு வந்துவிட்டது. இப்போது அது ஒரு சைக்கிளை முந்துவதற்கும் யோசிக்கிற வான். தாம்போதியில் கூலர்கள் எங்களைச் சாதாரணமாக முந்திப் போகின்றன. அந்தோனியார் லொறிக்காரன் மற்றவர்களுக்கும் சொல்லி வைத்திருக்கிறான். எங்கள் வானைக் கண்டால் காலைத் தூக்குவார்கள், கரி ஊத்தாமல் கையைக் காட்டிவிட்டுப் போவார்கள், கடந்து கனதூரம் போன பிறகுதான் அமத்துவார்கள். முதல் நாளே லொறியை மறித்து, ரீச்சருக்கு இழுப்பு, கொஞ்சம் பார்த்துப் போங்கோ என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் முடிந்திருக்கும். எங்கள் இரண்டு பேருக்கும் அது தோன்றவே இல்லை.

தலையிடி போய்விட்டது. டொக்டர் மருந்தைக் குறைத்துவிட்டார். படி ஏறினால்கூட மூச்சு முட்டுவதில்லை. இவர் கொட்டிலிலிருந்து வந்தால் நேரே கிணற்றடிக்குத்தான் போவார். உடுப்பை வெளியிலேயே கழற்றி மதிலில் போட்டுவிட்டு, தலையில் இருந்து கால் மட்டும் தேய்த்துக் குளித்து, துவைத்த சாரம் கட்டிக்கொண்டுதான் வாசற்படி ஏறுவார். ஒரு நாளைக்காவது குளிக்காமல் அப்படியே வாங்கோ என்று கேட்டிருக்கிறேன், வெட்கத்தை விட்டுக் கேட்டிருக்கிறேன். இல்லை, உமக்குக் கூடாது என்பார். பள்ளிக்கூடம் விட்டு வந்து சாய்மனையில் கண்ணை மூடிக்கொண்டு கிடக்கிற நேரத்தில் யாரோ வந்து பக்கத்தில் இருப்பார்கள். இவர்தான் என்று தெரிந்துகொள்ள நான் கண்ணைத் திறந்து பார்க்க வேண்டியிருக்கிறது.